ஒரு படமும் ஒரு தொலைபேசி எண்ணும்

ஆடை விளம்பரங்களில் தோன்றும் பெண்களை நீங்கள் கூர்ந்து நோக்கியிருப்பீர்கள். பெரும்பாலும் ஒரே நிறம், ஒரே மெலிவு, ஒரே சாயல். ஏன் இப்படி என்று வினவினால், மக்கள் விரும்புவது இதைத்தான் என்று விடை வரும். அந்த விடையைச் சோதித்துப் பார்த்த ஒரு பெண்ணின் வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

நவோமி சிம்ஸ் என்னும் கறுப்பினப் பெண் 1948-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். பிட்ஸ்பர்க் நகரில் வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்தார். இளமையிலேயே ஓங்கி வளர்ந்துவிட்டதால் பிறருடைய கேலிக்கு ஆளானவர். 1966-இல் உதவித்தொகை பெற்று ஆடைக்கலை பயில நியூயார்க் சென்றார். கைப்பொருள் போதவில்லை. ஆகவே, விளம்பரப் படங்களுக்கு நிற்கும் ‘மாடல்’ தொழிலை நாடினார். கேலிக்கு உரியதாயிருந்த உயரம் அத்தொழிலில் தகுதியாயிற்று. ஆனால், மாடல்களை அனுப்பிவைக்கும் முகவர் நிலையங்கள் அவரை ஏற்கவில்லை. நிறம் மிகக் கறுப்பு என்று சிலர் கூறியே விட்டனர். வேலையளிப்பதில் நிறவேற்றுமை பாராட்டலாகாது என்ற சட்டம் 1964-இலேயே அந்நாட்டில் நிறைவேறியிருந்தது என்பதை நினைவிற் கொள்க.

ஆடை செய்யும் நிறுவனம் விளம்பர நிறுவனத்தை நாடும். அது முகவரை நாடும். முடிவில் படம் பத்திரிகைக்குச் செல்லும். இச்சங்கிலியில் ஒரு முகத்தை விலக்குவதற்கு எவரும் வெறுப்புக் கொண்டிருக்க வேண்டுவதில்லை. அடுத்தவர் விரும்பமாட்டார் என்று ஒவ்வொருவரும் எண்ணினாலே போதும். இதை நான் ஏட்டிற் படித்துச் சொல்லவில்லை. பள்ளி ஆண்டு விழாக்களில் வாயிலில் நின்று பன்னீர் தெளிக்கப் பல ஆண்டுகள் சிவந்த நிறமுள்ள பிள்ளைகளையே நான் நிறுத்தி வந்தேன். எந்த விருந்தினரும் அப்படிக் கேட்டதில்லை.

சிம்ஸ் முகவர்களை விடுத்து நேரே புகைப்படக் கலைஞர்களிடம் சென்றார். கோஸ்டா பீட்டர்சன் என்பவர் இசைந்தார். அவர் எடுத்த படம் 1967 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஆடையணி இணைப்பிதழில் அட்டைப்படமாக வெளிவந்தது. அதன் பின்னரும் வேலை வரவில்லை! வில்ஹெல்மினா கூப்பர் என்னும் முன்னாள் மாடல் அப்பொழுதுதான் சொந்தமாக முகவர் நிலையம் தொடங்கியிருந்தார். சிம்ஸ் அவரிடம் ஓர் ஏற்பாட்டைக் கூறினார். அந்த இதழின் பிரதிகளைக் கூப்பருடைய தொலைபேசி எண்ணை இணைத்து விளம்பர நிறுவனங்களுக்குத் தாமே அனுப்புவதாகவும், எவரேனும் அழைத்தால் கூப்பர் தரகு பெற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கூப்பருக்கு இதில் இழப்பேதும் இல்லை.

அழைப்புகள் வந்தன. ஓராண்டுக்குள் அவருடைய வருவாய் வாரத்திற்கு 1,000 டாலராயிற்று. ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தின் வாயிலாக அம்முகம் நாடெங்கும் தொலைக்காட்சியில் தோன்றியது. 1968 நவம்பரில், இல்லத்தரசிகளின் இதழான லேடீஸ் ஹோம் ஜர்னல் அவரை அட்டையில் வெளியிட்டது. அவ்விதழின் அட்டையில் இடம்பெற்ற முதற் கறுப்பின மாடல் அவரே.

மற்றவர்கள் மெல்லத்தான் அசைந்தனர். 1892-இல் தொடங்கிய வோக் இதழின் அமெரிக்கப் பதிப்பு, ஒரு கறுப்பின மாடலை, பெவர்லி ஜான்சனை, அட்டையில் ஏற்க 1974 ஆகஸ்டு வரை, 82 ஆண்டுகள், எடுத்துக்கொண்டது. பிரிட்டன் பதிப்பு 1966 மார்ச்சிலேயே டொன்யேல் லூனாவை வெளியிட்டதுண்டு. ஆயினும் அப்படத்தில் அவருடைய கை முகத்தின் ஒரு பகுதியை மறைத்திருந்தது. 2008 ஜூலையில் இத்தாலியப் பதிப்பு கறுப்பின மாடல்களையே கொண்டு ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. பிரதிகள் விற்றுத் தீர்ந்து மறுபடியும் அச்சிட நேர்ந்தது. ஆனால், அதே இதழின் விளம்பரப் பக்கங்களிலோ பெரும்பாலும் வெள்ளை முகங்களே!

நிறத்தில் இவ்வளவேனும் நெகிழ்ச்சி ஏற்பட்டது. மெலிவு பற்றிய கட்டளை இன்னும் வலிமையோடு நின்றது. சிம்ஸும் ஒல்லியானவரே. மாடல்கள் உடல்நலச் சான்று பெறவேண்டும், உடலைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிடவேண்டும் என்னும் விதிகள் பிரான்சு நாட்டில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தன.

புகழின் உச்சியிலேயே, 1973-இல், சிம்ஸ் அத்தொழிலை விட்டார். கறுப்பினப் பெண்களுக்கு ஏற்ற பொய்முடி வேண்டும் என்று கருதி, செயற்கை இழைகளைத் தம் வீட்டு அடுப்பில் வாட்டி, தகுந்த பதம் வரும்வரை சோதித்தார். அதிலிருந்து வளர்ந்த வணிகம் பல இலட்சம் டாலர் ஈட்டியது. 2009-இல், 61-ஆம் வயதில், அவர் காலமானார்.