ஆனைகட்டி எல்லையில் கல்விமொழியும் இருளர் சிறாரும்

கோயம்புத்தூரிலிருந்து தடாகம் வழியே செல்லும் சாலை மாநில எல்லையைத் தொடும் இடம் ஆனைகட்டி. கொடுங்கரைப்பள்ளத்தின் ஒருபுறம் தமிழ்நாடு. மறுபுறம் கேரளத்தின் அட்டப்பாடி. இருபுறமும் இருளர் ஊர்கள் உள்ளன. அட்டப்பாடியில் முடுகரும் குறும்பரும் உடன் வாழ்கின்றனர். இங்குள்ள இருளர் பிள்ளைகளின் கல்விமொழிச் சிக்கலை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

எல்லையும் சட்டமும்

அட்டப்பாடி 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1இல் மலபார் கேரளத்துடன் இணைந்தது. எல்லையின் ஒருபுறம் மலையாளமும் மறுபுறம் தமிழும் ஆட்சிமொழியாகவும் பள்ளிமொழியாகவும் நிலைபெற்றன.

அதே ஆண்டில் ஏழாவது திருத்தத்தின் வழி அரசியலமைப்பில் 350-அ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அதன் கருத்தாகும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையினரைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளில் தமிழ்வழிக் கல்வியும் உண்டு. ஆயின், தனக்கென ஒரு மாநிலம் இல்லாத இருளமொழிக்கு இத்தகைய இடம் அமையவில்லை.

மொழியா, வழக்கா?

டிப்ளாத் தம் 1968ஆம் ஆண்டு ஆய்வேட்டில் இருளத்தைத் தமிழின் நெருங்கிய உறவுமொழியாகக் கொண்டார். கமில் சுவலபில் 1970களில் அதன் இலக்கணத்தை விரித்துரைத்தார். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்போ அதனைத் தமிழ் என்னும் தலைப்பின்கீழ்த் தொகுத்தது. ஆய்வாளர்க்கு இது வகைப்பாட்டுச் சிக்கல். மாணவர்க்கோ வகுப்பறைச் சிக்கல். இருளத்தில் நடு உயிர்கள் உள்ளன. தமிழ், மலையாள நெடுங்கணக்குகளில் அவற்றிற்குத் தனி எழுத்துகள் இல்லை. இருளத்தைத் தமிழின் சிதைந்த வழக்கென எண்ணும் ஆசிரியர், குழந்தையின் இயல்பான ஒலிப்பைப் பிழையெனத் திருத்துவார். பேசினாலே பிழையாகும் எனக் கண்ட குழந்தை வாய் திறவாது. அம்மௌனம் அறியாமையாகக் கொள்ளப்படும்.

முடிவுரை

கேரள அரசு 2017இல் வயநாட்டில் கோத்திரபந்து திட்டத்தின்கீழ்ப் பழங்குடியினரையே தொடக்கப்பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்தியது. வீட்டுமொழி அறிந்த ஒருவர் வகுப்பில் இருப்பின், குழந்தை அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்ல இயலும். ஆனைகட்டியின் இருபுறத்திற்கும் இது பொருந்தும். இருளம் தமிழுக்கு உறவு என்பது மெய்யே. அவ்வுறவு குழந்தையைத் தமிழுக்கு அழைத்துச் செல்லும் படியாக வேண்டும். அதன் மொழியை மறைக்கும் திரையாதல் கூடாது.