புரதங்களுக்கு அகராதி தொகுத்தவர்

உலகின் எந்த ஆய்வுகூடத்தில் புதியதொரு மரபணு இனங்காணப்பட்டாலும், ஏற்கனவே அறியப்பட்ட தொடர்களுடன் கணனியில் அதனை ஒப்பிட்டுப் பார்ப்பதே முதற்பணியாகின்றது. இந்நடைமுறைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க விஞ்ஞானி மார்கரெட் டேஹொப் ஆவார்.

1925இல் பிலடெல்பியாவில் பிறந்த அவர், 1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். மூலக்கூறுகளின் சக்தியைத் துளையட்டை இயந்திரங்களால் கணித்தமை அவ்வாய்வின் சிறப்பாகும். 1962இல் ரொபர்ட் லெட்லியுடன் இணைந்து, சிறு துண்டங்களிலிருந்து புரதத்தின் முழுத் தொடரையும் நிர்ணயிக்கும் கணனி நிரலை உருவாக்கினார். 1965இல் 65 புரதங்களின் தொடர்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அமினோ அமிலங்களை ஒற்றை எழுத்தால் குறிக்கும் முறையும், பரிணாமத்தில் ஓர் அமினோ அமிலம் மற்றொன்றாக மாறும் வாய்ப்பைக் காட்டும் அட்டவணைகளும் அவர் வழங்கிய கொடைகளாகும்.

ஆயினும், பிறர் கண்டறிந்தவற்றைத் தொகுப்பது ஆய்வாகுமா என்ற ஏளனம் அன்று நிலவியது. மறுபுறம், அவரது தொகுப்பு விலைக்கு விற்கப்பட்டமையும், அதனை மறுவிநியோகம் செய்யத் தடை இருந்தமையும் ஆய்வாளரிடையே அதிருப்தியை வளர்த்தன. 1982இல் மரபணுத் தொடர்களுக்கான அரச தரவு வங்கியை அமைக்கும் பொறுப்பு லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தைச் சென்றடைந்தது. அடுத்த ஆண்டே, தமது 57ஆவது வயதில் டேஹொப் காலமானார்.

தொகுப்பதும் அறிவுப்பணியே என்பதை அவரது வாழ்வு நிறுவியது. தொகுக்கப்பட்ட அறிவு எவருக்கு உரியது என்ற வினாவையும் அதுவே எழுப்பிச் சென்றது. பலரது உழைப்பால் திரண்ட அறிவு அனைவருக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பதே அதற்கான நியாயமான விடையாகும்.