விருத்தாசலம் தாலுகா, தென்னாற்காடு ஜில்லா: ஒரு கப்பல் பட்டியலும் ஒரு சுரங்கமும்

இந்த எபிசோடுல கொஞ்சம் பழைய பேப்பர் வாசனை அடிக்கும். முதல்ல டப்ளின் வரைக்கும் போயிட்டு வந்துடுவோம். அப்புறம் முழுக்க நம்ம ஊர்தான்.

1922 ஜூன் 30. அயர்லாந்து உள்நாட்டுப் போரோட முதல் நாட்கள். டப்ளின்ல ஃபோர் கோர்ட்ஸ்னு ஒரு பெரிய நீதிமன்ற வளாகம். அந்த நாட்டோட பொது ஆவணக் காப்பகமும் அதுக்குள்ளதான் இருந்தது. அன்னைக்கு நடந்த வெடிப்புலயும் தீயிலயும் 1821-லிருந்து 1851 வரைக்கும் எடுத்த நாலு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் கிட்டத்தட்ட மொத்தமா போச்சு. 1861, 1871 தாள்களை அரசாங்கமே அதுக்கு முன்னாடியே அழிச்சிருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர் சமயத்துல காகிதக் கூழாப் போச்சு. முழுசா மிஞ்சினது 1901-ம் 1911-ம் மட்டும்தான்.

இவ்வளவு போன பிறகும், பாஸ்டன்ல இருக்கிற ஒரு ஐரிஷ் வம்சாவளிக் குடும்பம் 1850-கள்ல தன் பாட்டன் எந்த ஊர்ல, எந்த வீட்டுல இருந்தார்னு கண்டுபிடிச்சிடுது. எப்படின்னா, வரிக் கணக்கு. 1847-லிருந்து 1864 வரைக்கும் ரிச்சர்ட் கிரிஃபித்னு ஒருத்தர் தலைமையில அயர்லாந்து முழுக்க நிலத்தையும் வீட்டையும் மதிப்பு போட்டாங்க. அந்த வரி, இடத்தை அனுபவிக்கிறவர் மேல. அதனால குத்தகைக்கு ஒரு குடிசையில இருந்தவர் பேரும் ஏறிச்சு, பக்கத்துப் பத்தியில நிலத்துக்காரர் பேரும் ஏறிச்சு. ஏழை மேல அக்கறைப்பட்டு யாரும் அதை எழுதல. பணம் யார்கிட்ட வசூலிக்கணும்னு தெரியணும், அதுக்காக எழுதினது.

இதை மனசுல வச்சுக்கோங்க. பணம் எங்க இருக்கோ அங்கதான் பேர் இருக்கும். இப்போ நம்ம கதை.

சில மாசம் முன்னாடி, தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு நேயர் மெயில் போட்டிருந்தாங்க. தமிழ் கேட்டா ஓரளவு புரியும், படிக்க வராது. கூடவே ஒரு படம்: கப்பல் பயணிகள் பட்டியல்ல மூணு வரி. ஒரு ஆண், ஒரு பெண், ஒரு கைக்குழந்தை. அடுத்தடுத்த மூணு எண்கள். ஆணுக்கு வயசு 22. ஜில்லா தென்னாற்காடு, தாலுகா விருத்தாசலம், கிராமம்னு ஒரு பேர். கேள்வி ஒண்ணே ஒண்ணு: "இந்த ஊர் எங்க இருக்கு? நான் அங்க வந்து நிக்கணும்." ஊர் பேரையும் குடும்பத்தையும் இங்க சொல்லப் போறதில்ல, அவங்க கேட்டுக்கிட்டது அப்படி.

இந்தப் பட்டியல் என்னன்னு சொல்லிடறேன். 1860 அக்டோபர்ல ட்ரூரோங்கிற கப்பல் சென்னையில கிளம்பி, நவம்பர் 16-ல டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் அதுதான். அதுல இருந்து 1911 வரைக்கும் 1,52,184 பேர். மூணுல ரெண்டு பங்கு சென்னை வழியா போனவங்க. வடஆற்காடு, தென்னாற்காடு மாதிரி ஜில்லாக்கள் அதுல ரொம்பப் பெரிய பங்கு. சுரேந்திர பானாங்கிற வரலாற்று அறிஞர் இந்தப் பட்டியல்களை வச்சே ஒரு முழு ஆய்வு பண்ணியிருக்கார்.

ஒவ்வொருத்தருக்கும் ஒரு காலனி எண், பேர், அப்பா பேர், வயசு, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம். உடம்புல இருக்கிற தழும்பு, மச்சம் வரைக்கும் எழுதியிருப்பாங்க. 1880-கள்ல தென்னாற்காட்டுல ஒரு கூலிக்காரருக்கு முழங்கால்ல தழும்பு இருந்துச்சுன்னு நமக்கு இன்னைக்கும் தெரியுது. அவர் கூடவே பிறந்து ஊர்லயே தங்கிட்ட தம்பிக்குப் பேர் என்னன்னுகூட தெரியாது.

காரணம் அதேதான். அஞ்சு வருஷ ஒப்பந்தம், முதலாளி கூலிக்காரரை வரவழைக்கப் பணம் கட்டியிருக்கார். ஓடிப் போனா அடையாளம் சொல்லிப் பிடிக்கணும். செத்துப் போனா சம்பளப் பாக்கியைக் கணக்கு பார்க்கணும். தழும்பை எழுதினதுக்கு அர்த்தம் அதுதான். இன்னைக்கு அந்த வரிதான் ஒரு குடும்பத்துக்கு வம்சாவளிச் சான்று. ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கிற தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பலரும் இதைத்தான் தேடி எடுக்கறாங்க.

மொரீஷியஸ் போனவங்களுக்கு இன்னும் ஒரு படி மேல. அங்க மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல இருக்கிற குடிவரவு ஆவணங்கள்ல, 19-ஆம் நூற்றாண்டு கூலிக்காரங்களோட புகைப்படமே இருக்கு.

சரி, டர்பன் பக்கம் தெளிவா இருக்கு. சிக்கல் இந்தப் பக்கம்.

முதல்ல எழுத்து. சொன்னவர் தமிழ்ல சொல்லியிருக்கார், எழுதினவர் இங்கிலீஷ்ல காதுக்குக் கேட்டபடி எழுதியிருக்கார். அந்தக் காலத்து ஆவணங்கள்ல விருத்தாசலம் "வெர்தாசெல்லம்", சிதம்பரம் "சில்லம்ப்ரம்". ஊர் பேரும் அதே கதிதான். ல, ள, ழ மூணும் ஒரே எழுத்து. பாடியா பட்டியா பட்டான்னு சொல்ல முடியாது. இவ்வளவு ஏன், நகரியத்துக்குள்ளயே இருக்கிற முருகன் கோயிலை இன்னைக்கும் வில்லுடையான்பட்டுன்னு ஒருத்தர் சொல்வார், வேலுடையான்பட்டுன்னு இன்னொருத்தர் சொல்வார். ரெண்டு பேரும் பங்குனி உத்திரத்துக்குப் போறது ஒரே கோயிலுக்குத்தான்.

வம்சாவளித் தேடல்ல பேர்களைப் பொருத்த சவுண்டெக்ஸ்னு ஒரு பழைய அல்காரிதம் உண்டு. 1918-ல காப்புரிமை வாங்கினது, இங்கிலீஷ் பேர்களுக்காக. அது முதல் எழுத்தை அப்படியே வச்சுக்கும். தமிழுக்கு அங்கேயே அடி. சிதம்பரத்தை ஒரு கிளார்க் "சி எச்"ல ஆரம்பிப்பார், இன்னொருத்தர் "எஸ்"ல. நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன்: ல-ள-ழ ஒண்ணு, க-க ஒண்ணு, ப-ப ஒண்ணு, உயிர்க்குறியெல்லாம் தூக்கிடு, கடைசியில வர்ற பட்டு, பாடி, குப்பம் எல்லாத்தையும் தனியா வச்சுப் பாரு. அதை 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்போட தென்னாற்காடு மாவட்டக் கையேட்டுல இருக்கிற கிராமப் பட்டியல் மேல ஓட்டினேன். ஏன் 1951னு இப்போ புரியும்.

ரெண்டு ஊர் வந்தது. ஒண்ணு விருத்தாசலத்துக்கு அந்தப் பக்கம், இன்னைக்கும் பஸ் போகுது. இன்னொண்ணு அடுத்து வந்த கணக்கெடுப்புகள்ல சுருங்கி, அப்புறம் பட்டியல்லயே இல்ல. இன்னைய வரைபடத்துல அந்த இடம் சுரங்கம்.

நெய்வேலியில வளர்ந்த யாருக்கும் இது அதிர்ச்சி செய்தி இல்ல. நானும் அந்த ஊர்ப் பிள்ளைதான். 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணறு தோண்டினப்போ கறுப்பா ஏதோ வந்தது, 1956 நவம்பர் 14-ல நிறுவனம், 1957 மே 20-ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார், 1961-ல பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிஞ்சது. ஸ்கூல் ஆண்டு விழாப் பேச்சுல இந்த வரிசையை நான் மனப்பாடமா ஒப்பிச்சிருக்கேன். அந்த வரிசையில ஊர்கள் வராது. ஆனா நெய்வேலிங்கிற பேரே ஒரு கிராமத்தோட பேர்.

திறந்தவெளிச் சுரங்கம் ஒரு ஊரை எப்படி அழிக்குதுன்னா, வீட்டை இடிக்கிறதோட நிக்கிறதில்ல. மேல்மண் மொத்தமும் சக்கர வெட்டு எந்திரத்துல ஏறி வேற இடத்துக்குப் போகுது. சர்வே கல், வரப்பு, ஏரிக்கரை, சுடுகாடு எல்லாம் கலந்து ஒரு மண்மேடு ஆகுது. பின்னால அந்தக் குழியையே வேற மண்ணு போட்டு மூடுறாங்க. ஜி.பி.எஸ். வச்சு அந்த இடத்துல போய் நிக்கலாம். கால்ல ஒட்டுறது அந்த ஊர் மண்ணா இருக்கணும்னு இல்ல.

அவங்களுக்கு இதை எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். சொன்னதும் அவங்க எழுதின பதில்ல அழுகை எதுவும் இல்ல. 1960-கள்ல, குரூப் ஏரியாஸ் சட்டத்துல, அவங்க தாத்தா வீட்டைக் காலி பண்ணித்தான் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினாங்களாம். "அப்படின்னா ரெண்டு பக்கமும் ஒரே பத்து வருஷம்"னு ஒரு வரி. அடுத்த வரி: "எந்த ஊர்னு எப்படி உறுதி பண்றது?"

நல்ல கேள்வி. அயர்லாந்துன்னா வரிக் கணக்கைத் திறப்போம். இங்கயும் வரிக் கணக்கு உண்டு, எழும்பூர் ஆவணக் காப்பகத்துல செட்டில்மென்ட் பதிவேடுகள் அடுக்கடுக்கா இருக்கு. ஆனா நம்ம ரயத்துவாரி முறையில வரி கட்டுறவர் பட்டாதாரர். பதிவேட்டுல அவர் பேர் ஏறும். அவர் நிலத்துல தலைமுறை தலைமுறையா ஏர் ஓட்டின பண்ணையாள் பேர் ஏறாது. ஐரிஷ் குடிசைக்காரர் மேல வரி விழுந்தது, அதனால அவர் பேர் தப்பிச்சது. நம்ம ஊர்ச் சேரியில இருந்தவர்கிட்ட வரி கேட்க ஒண்ணுமே இல்ல, அதனால பேரும் இல்ல. இந்தக் குடும்பத்தோட வரியில சாதிப் பத்தியில "பறையர்"னு இருக்கு. கப்பல் ஏறினவங்கள்ல அப்படி எழுதப்பட்டவங்க ஏராளம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளைப் பார்க்கலாமேன்னு கேப்பீங்க. அயர்லாந்து மாதிரி 1901-ல வீடு வீடா யார் இருந்தாங்கன்னு இங்க பார்க்க வழியில்ல. நமக்கு எண்ணிக்கை மட்டும்தான் மிச்சம். அங்க தீ பண்ணின வேலையை இங்க நடைமுறையே பண்ணிடுச்சு.

இன்னொரு சின்ன ஓட்டை. அந்த மனைவி வரியில கிராமத்துக்கு நேரா கிளார்க் மேல் வரியையே போட்டுக்கோன்னு குறி போட்டிருக்கார். அவங்க பிறந்த ஊர் புருஷன் ஊரேவா, வேற ஊரான்னு அந்தக் குறியைத் தாண்டிப் போக முடியாது. பொண்ணு கொடுத்து பொண்ணு எடுக்கிற நாட்டுல இது சின்ன விஷயம் இல்ல, பாதி வம்சம் அங்க இருக்கு.

அப்போ மிச்ச வழி என்ன? எனக்கு ரெண்டு தெரியுது.

ஒண்ணு பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல எழுதின அறிக்கைக்குப் பிறகு, 1892-ல வந்த அரசாணையில, ஒடுக்கப்பட்டவங்களுக்குன்னு நிபந்தனையோட நிலம் ஒதுக்கினாங்க. சேரி மக்களோட பேர் பெருவாரியா நிலக் கணக்குல ஏறத் தொடங்கினது அதுக்கப்புறம்தான். கப்பல் ஏறினவரோட அண்ணனோ தம்பியோ அப்படி ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தா, அப்பா பேரோட பதிவு இருக்கும். கப்பல் பட்டியல்லயும் அப்பா பேர் இருக்கு. ரெண்டும் பொருந்தினா ஊர் உறுதி.

ரெண்டாவது கொஞ்சம் கசப்பானது. 1950-கள்ல சுரங்கத்துக்கு நிலம் எடுத்தது 1894 நில எடுப்புச் சட்டத்துல. அந்தச் சட்டப்படி கெஜட்ல அறிவிப்பு வரணும்: ஊர், சர்வே எண், பரப்பு. அப்புறம் இழப்பீட்டுத் தீர்வு ஆணை: யாருக்கு எவ்வளவு. ஒரு ஊர் போறதுக்கு முன்னாடி அந்த ஊரைப் பத்தி எழுதின ரொம்ப விரிவான பேப்பர் அதுதான். மறுபடியும் பணம், மறுபடியும் பேர். நிலமில்லாதவங்க அதுலயும் இருக்க மாட்டாங்க. ஆனா தெரு, சேரி, கோயில் எங்க இருந்ததுன்னு நில வரைபடம் காட்டிடும்.

தமிழ்நாடு அரசோட "வேர்களைத் தேடி" திட்டத்துல அயலகத் தமிழ் இளைஞர்களைக் கூட்டிட்டு வந்து ஊர் ஊராக் காட்டறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா குறிப்பிட்ட ஒரு சேரியைத் தேடி வர்றவங்களுக்குப் பஸ் டூர் பத்தாது, தாசில்தார் ஆபீஸ் கட்டு வேணும்.

பேப்பரைத் தாண்டி ஒரு விஷயமும் கேட்டேன்: வீட்டுல என்ன சாமி கும்பிடுவீங்க? "திரௌபதி அம்மனுக்குத் தீமிதி, அது போக வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுப் பின்னாடி ஒரு கல்லுக்குப் படையல்"னாங்க. தீமிதி இந்தப் பக்கத்துல எல்லா ஊர்லயும் உண்டு, செஞ்சிதான் அந்த வழிபாட்டோட மையம், அதை வச்சு ஊர் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கல்லுக்கு ஒரு பேர் இருக்கு. அவங்க குரல்ல பதிவு பண்ணி அனுப்பியிருக்காங்க. நாலு தலைமுறை இங்கிலீஷ்லயும் ஜூலுவுலயும் ஊறி வந்த உச்சரிப்பு. முதல் பாதி தெளிவா "வீர"ன்னு கேக்குது. மீதி எனக்குப் பிடிபடல.

அதனால ஒரு வேண்டுகோள். மந்தாரக்குப்பம், வடக்குத்து, இந்திரா நகர்னு நகரியத்தைச் சுத்தி இருக்கிற நேயர்கள் நிறைய பேர் இருக்கீங்க. உங்க தாத்தா, பாட்டி சுரங்கத்துக்கு முன்னாடி இருந்த ஊர்ல பிறந்தவங்களா இருந்தா, ட்ரங்க் பெட்டியில நில எடுப்பு நோட்டீசோ, பழைய பட்டாவோ, கிஸ்து ரசீதோ இருந்தா, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பேப்பர் எதுவும் இல்லைன்னாலும் பரவாயில்ல. பழைய ஊர்ல குலதெய்வம் என்ன பேர், காலி பண்ணி வந்தப்போ அதை எங்க கொண்டு வந்து வச்சாங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் போதும். சேரியில இருந்தவங்க வீட்டுக் கதைன்னா இன்னும் முக்கியம். அந்த உச்சரிப்புப் பதிவை அவங்க அனுமதியோட இந்த எபிசோடு கடைசியில சேர்த்திருக்கேன், பதினோரு செகண்ட்தான். வீட்டுல இருக்கிற பெரியவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க.