பலமா? பேச்சா?

நடுவர் அவர்களே! "பலம் இருந்தா போர் தானா நிக்கும், பேச்சு எதுக்கு?" என்று எதிரணி நண்பர் கேட்டார். சரிங்க. மலையளவு பலம் வைத்திருந்த ரெண்டு பேர் கதையையே நான் சொல்றேன்.

1973 அக்டோபர் 6. எகிப்தும் சிரியாவும் இஸ்ரேல் மீது போர் தொடுத்தன. யூதர்களுக்கு அது யோம் கிப்பூர் நோன்பு நாள். முஸ்லிம்களுக்கு ரமலான் மாதம். சண்டை இவங்களுக்குள்ளே. ஆயுதம்? அரபு நாடுகளுக்கு சோவியத் யூனியன் விமானம் விமானமா இறக்குது. இஸ்ரேலுக்கு அமெரிக்கா இறக்குது. வரப்புச் சண்டை அண்ணன் தம்பிக்கு. அரிவாள் எடுத்துக் கொடுக்கிறது ரெண்டு பெரிய வீட்டுக்காரங்க! (சிரிப்பு)

கிஸிங்கர் மாஸ்கோவுக்கே போய் பிரஷ்னேவோடு பேசினார். அதன்படி அக்டோபர் 22-ல் ஐ.நா. பாதுகாப்பு சபை போர்நிறுத்தத் தீர்மானம் போட்டது. துப்பாக்கி ஓயலே! எகிப்தின் மூன்றாம் படையை இஸ்ரேல் சுற்றி வளைத்துவிட்டது. அந்த வீரர்களுக்குச் சோறு தண்ணி போக வழியில்லை.

24-ஆம் தேதி இரவு பிரஷ்னேவ் கடிதம் வாஷிங்டனுக்கு வருது. "ரெண்டு பேரும் சேர்ந்து படை அனுப்புவோம், நீங்க வரலைன்னா நாங்க தனியாகவே இறங்குறதை யோசிக்கணும்" என்பது அதன் சாரம். அன்று இரவே அமெரிக்கா அணு ஆயுதப் படைகள் உட்படத் தன் படைகளை உஷார்படுத்தியது. ரெண்டு பக்கமும் பலத்துக்கு என்ன குறைச்சல்? அந்தப் பலம்தானே ஐயா உலகத்தையே விளிம்பிலே கொண்டுபோய் நிறுத்துச்சு!

இறக்கிவிட்டது எது? பேச்சு. கடிதத்துக்குப் பதில் கடிதம் போனது. வல்லரசுப் படைகளைக் கேட்டிருந்த எகிப்து அதிபர் சதாத், சர்வதேசப் படை போதும் என்று இறங்கிவந்தார். மறுநாளே பாதுகாப்பு சபை ஐ.நா. படை ஒன்றை அமைத்தது. அதிலே நிரந்தர உறுப்பு நாடுகள் ஐந்தின் வீரர்களுக்கும் இடமில்லை! நீயும் வராதே, நானும் வரலே. ரெண்டு பேர் மானமும் தப்பிச்சது. (கைதட்டல்)

அதற்கப்புறம் கெய்ரோ - சூயஸ் சாலையில் 101-ஆவது கிலோமீட்டரில், எகிப்துத் தளபதி கமாசியும் இஸ்ரேல் தளபதி யாரிவும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினாங்க. பட்டினியில் சிக்கிய படைக்கு உணவும் மருந்தும் போனது. நவம்பர் 11-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

பலமே வேண்டாம்னு நான் சொல்லலீங்க. பயம் ஓங்கின கையை நிறுத்தும். இறக்கி வைக்க இடம் காட்டுறது பேச்சுதான். பொருட்பாலிலே படைக்கு அதிகாரம் வைத்த வள்ளுவர், தூதுக்கும் தனி அதிகாரம் வைத்தாரே, சும்மாவா?

தீர்ப்பு உங்கள் கையில் நடுவர் அவர்களே.