பீஸ் எவ்வளவு?

2009 ஜூலையில் அருப்புக்கோட்டையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து அப்பாவும் நானும் கவுன்சிலிங்குக்காகக் கிண்டி வந்தோம். கடிதத்தைக் காட்டினால் பஸ்ஸில் பாதி டிக்கெட். அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் தயாராக வைத்திருந்தார். அண்ணா பல்கலைக்கழக வாசலில் இறங்கியதுமே ஆளாளுக்கு நோட்டீஸைக் கையில் திணித்தார்கள். ஏ.சி. பஸ், வைஃபை வளாகம், நூறு சதவீத வேலை. உள்ளே பெரிய திரையில் கல்லூரிப் பெயர்களும் மிச்சமிருக்கும் இடங்களும் ஓடிக்கொண்டிருந்தன. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா திரையையே பார்க்கவில்லை. அவர் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறவர். கடை டைரியில் ஒவ்வொரு கல்லூரிக்கு எதிரேயும் பீஸ், ஹாஸ்டல், பஸ் என்று மூன்று கட்டம் போட்டு வைத்திருந்தார்.

"எது நல்ல காலேஜ்னு நீ பாரு. எது நம்மால முடியும்னு நான் பாக்குறேன்" என்றார்.

நாங்கள் உட்கார்ந்திருந்த அந்தக் கல்லூரியின் கதையே பீஸ் கட்ட வழியில்லாத பையன்களிடமிருந்துதான் தொடங்குகிறது. 1794-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்வேயர் மைக்கேல் டாப்பிங் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். மாணவர்கள் எட்டே பேர். ஆதரவற்ற ஐரோப்பிய, கலப்பினச் சிறுவர்களுக்காகக் கம்பெனி காலத்தில் நடத்தப்பட்ட அனாதை இல்லத்திலிருந்து அவர்கள் எடுக்கப்பட்டார்கள். பிடித்த நிலத்தையெல்லாம் அளந்து வரைபடம் போட வேண்டியிருந்தது. அதற்குச் சீமையிலிருந்து ஆள் கொண்டுவந்தால் செலவு தாங்காது. ஆக, அந்தப் பையன்களுக்குப் படிப்பு மலிவாகக் கிடைத்தது, அவர்கள் மலிவாகக் கிடைத்ததால்தான். அந்தப் பள்ளிதான் 1859-ல் பொறியியல் கல்லூரியாகி, 1920-ல் கிண்டி வளாகத்துக்குக் குடிபோனது.

கல்லூரியாக ஆனதும் வாசல் மாறிவிட்டது. உள்ளே நுழைய ஆங்கிலப் பள்ளிப் படிப்பு வேண்டும், அதற்குக் குடும்பத்தில் யாராவது ஏற்கெனவே படித்திருக்க வேண்டும். இடங்களோ கொஞ்சம்.

அந்தப் பஞ்சத்தைக் கொஞ்சம் தளர்த்தியது 1940-களின் கடைசியும் 50-களும். கோவையில் 1945-ல் அரசுக் கல்லூரி வந்தது. 1949-ல் சி. ராஜம் தன் வீட்டை விற்ற பணத்தைப் போட்டுக் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். கோவையில் பி.எஸ்.ஜி. டெக் 1951, காரைக்குடியில் அழகப்பர் பெயரிலான கல்லூரி 1952, கோவை சி.ஐ.டி. 1956, மதுரையில் தியாகராசர் 1957. இவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் இருந்தது பஞ்சாலைக் காசு. தர்மம் என்று சொல்லலாம், தங்கள் ஆலைகளுக்கு இன்ஜினீயர் தேவைப்பட்டது என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாகத்தான் படுகிறது. பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., தியாகராசர் மூன்றிலும் அரசு உதவி பெறும் பிரிவுகள் இன்றும் உண்டு. ஒரே வளாகத்தில் ஒரு வகுப்புக்கு ஒரு பீஸ், பக்கத்து வகுப்புக்கு வேறு பீஸ். வித்தியாசம் மதிப்பெண்தான்.

இந்த இடத்தில் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டப் போனவர். ஏ.எம்.ஐ.இ. என்று ஒரு வழி இருந்தது. 1920-ல் கல்கத்தாவில் தொடங்கிய இன்ஜினீயர்கள் சங்கம் நடத்திய தேர்வு அது. கல்லூரி கிடையாது, வகுப்பு கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. 'ஏ' பிரிவு, 'பி' பிரிவு என்று இரண்டு. புத்தகம் வாங்கி, வேலை பார்த்துக்கொண்டே படித்து, வருஷத்துக்கு இரண்டு தடவை வரும் தேர்வில் ஒவ்வொரு பேப்பராகத் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டால் அரசு வேலைக்கு பி.இ.க்குச் சமம். சித்தப்பாவுக்கு ஒன்பது வருஷம் ஆனது. ஷிப்ட் முடிந்து வந்து, அறையில் மற்ற மூன்று பேர் தூங்கிய பிறகு வராந்தா லைட்டில் படித்ததாகச் சொல்வார். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் ஏ.எம்.ஐ.இ. என்று போட்டபோது பெண் வீட்டில் கேட்டார்களாம்: "பி.இ. இல்லையா மாப்பிள்ளை?"

அவர் முதல் பேப்பருக்குப் படித்துக்கொண்டிருந்த காலம்தான் 1984. பொறியியல் படிப்பைத் தலைகீழாக மாற்றிய இரண்டு காரியங்களை எம்.ஜி.ஆர். அரசு அந்த ஒரே ஆண்டில் செய்தது. ஒன்று, சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி. பெருந்துறையில் கொங்கு, சிவகாசியில் மெப்கோ, கோவையில் குமரகுரு, வேலூரில் பின்னாளில் வி.ஐ.டி. ஆன கல்லூரி எல்லாம் அந்த வருஷத்துப் பிள்ளைகள். அதுவரை இங்கே இடம் கிடைக்காத, கையில் காசிருந்த குடும்பங்கள் கர்நாடகத்துக்கு ரயிலேறிக்கொண்டிருந்தன. இன்னொன்று, நுழைவுத் தேர்வு. அதற்கு முன்னால் மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வும் இருந்தது. நேர்முகம் என்றால் 'யார் வீட்டுப் பையன்' என்ற கேள்விக்கும் இடமுண்டு. அதை ஒழிக்க வந்த நுழைவுத் தேர்வு வேறொரு கேள்வியைக் கொண்டுவந்தது: எந்த கோச்சிங் சென்டர்?

பணம் வாங்கிக்கொண்டு இடம் கொடுப்பது சரியா என்று உச்ச நீதிமன்றம் கேட்கப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. மோகினி ஜெயின் வழக்கு (1992) மருத்துவப் படிப்பு பற்றியது. கர்நாடகத்தில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், வெளிமாநில மாணவிக்கு 60,000. கேபிடேஷன் கூடவே கூடாது என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டு உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு ஒரு கணக்குப் போட்டது. தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடங்கள் 'இலவச இடங்கள்', அரசுக் கல்லூரி பீஸ் கட்டினால் போதும். மீதிப் பாதி 'கட்டண இடங்கள்', அவர்கள் கட்டுவதில்தான் கல்லூரி ஓடும். முதல் பாதியை மதிப்பெண் வரிசையில் மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அடுத்தவர்களுக்கு இரண்டாவது பாதி.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிசையில் மேலே யார் இருந்தார்கள்? நல்ல பள்ளி, டியூஷன், கோச்சிங் என்று ஏற்கெனவே செலவழித்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு 'இலவச' இடம். டவுன் பஸ்ஸில் போய்ப் படித்து நாலு மார்க் குறைந்த பிள்ளைக்குக் கட்டண இடம். அதாவது, நிலத்தை அடகு வைத்தவர் கட்டிய பணத்தில் டாக்டர் மகன் சலுகைக் கட்டணத்தில் படித்தான். இது என் பொறுமல் மட்டும் இல்லை. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு அந்த ஏற்பாட்டை ரத்து செய்தபோது இந்த முரணையும் சுட்டிக்காட்டியது. ரத்துக்குப் பிறகு வந்தது, கல்லூரிகளே நியாயமான கட்டணம் வைத்துக்கொள்ளலாம், அரசு அமைக்கும் குழு அதைச் சரிபார்க்கும் என்ற ஏற்பாடு. பீஸ் குறைந்ததா என்று கேட்காதீர்கள். 2017-ல் சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு 50,000, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000.

பொறியியலில் மலிவான இடம் தமிழ்நாட்டில் எப்போதும் இருந்திருக்கிறது. அதை மார்க் கொடுத்து வாங்க வேண்டும், மார்க்கைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பிறகு இங்கே நடந்ததையெல்லாம் இந்த முடிச்சை அவிழ்க்கும் முயற்சிகளாகத்தான் படிக்கிறேன். 1997-ல் ஒற்றைச் சாளர கவுன்சிலிங். ஊர் ஊராக விண்ணப்பம் வாங்கும் செலவு போனது. கிராமப்புற மாணவர்களுக்கு ஓர் ஒதுக்கீடு வந்தது, நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006-ல் சட்டம் போட்டு நுழைவுத் தேர்வை எடுத்தார்கள். நான் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்து, கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கு கட்-ஆஃப் போட்டு உள்ளே போனவன். எங்கள் ஊரில் கோச்சிங் சென்டரே கிடையாது. ஆகவே அந்தச் சட்டத்தைப் பற்றி நடுநிலையாகப் பேச என்னால் முடியாது.

அன்று என் முறை வந்தபோது கம்ப்யூட்டர் சயின்ஸுக்குச் சுயநிதிக் கல்லூரிகளில்தான் இடம் இருந்தது. தெற்கே ஓர் அரசுக் கல்லூரியில் சிவில் இருந்தது. அப்பா டைரியை என் பக்கம் திருப்பிக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. சிவில் எடுத்தேன். திரும்பும் பஸ்ஸில் செங்கல்பட்டு தாண்டும்வரை நான் பேசவில்லை.

அடுத்த வருஷம், 2010-ல், முதல் பட்டதாரிச் சலுகை வந்தது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கும். நல்ல திட்டம், எனக்கு ஒரு வருஷம் லேட். 2013 மே மாதம் நான் பட்டம் வாங்கினேன். அந்த ஜூலையில் தங்கை கவுன்சிலிங்குக்குப் போனாள். தாலுகா ஆபீஸில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டால், "அண்ணன் பி.இ. முடிச்சிருக்காரேம்மா" என்றார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரி. நான் படித்ததால் அவளுக்கு பீஸ் கூடியது. டைரியில் நாலாவதாக ஒரு கட்டம் சேர்ந்தது: லோன். நாலு லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேட்காமல் கல்விக்கடன் கொடுக்கும் திட்டம் 2001-லிருந்தே இருந்தது. அதை நம்பி வங்கிக்குப் போன அப்பாவிடம் அங்கே முதலில் கேட்டது வீட்டுப் பத்திரம். ஐந்து முறை நடந்தபிறகு கிடைத்தது.

அதே 2013 மே 31-ந் தேதிதான் சித்தப்பாவின் கதவும் மூடியது. அதற்குப் பிறகு ஏ.எம்.ஐ.இ.யில் சேர்ந்தவர்களுக்குப் பட்டத்துக்குச் சமம் என்ற அங்கீகாரம் இல்லை. லேபில் கை வைக்காமல் இன்ஜினீயர் ஆகலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் லேத்தில் நின்றுகொண்டே படித்தவரிடம் அதைக் கேட்டால் சிரிப்பார்.

2021-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இது கிடையாது. அந்தக் குறை எங்கள் தெருவில் இன்னும் பேசப்படுகிறது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. போன வருஷம் எதிர்வீட்டுப் பெண் அதில் இடம் வாங்கி, ஸ்வீட் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பாவுக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரிவதில்லை, டைரியும் எழுதுவதில்லை.

"பீஸ் எவ்ளோம்மா?"

"ஒண்ணும் இல்ல தாத்தா."

"ஹாஸ்டலு?"

"அதுவும் இல்ல."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப பஸ்ஸு?"

"அது மட்டும் நாங்க பாத்துக்கணும் தாத்தா" என்றாள். ஒரு டிக்கெட் எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை தடவை ஊருக்கு வருவாள் என்று அப்பா கேட்க ஆரம்பித்தார்.