எடைக்குப் போகும் கிளைட்பேங்க் மிஷின்

சிங்கர் 29கே மிஷினைப் பார்த்திருப்பீங்க, பெயர் தெரிந்திருக்காது. செருப்புத் தைக்கும் கடைகளில் ஒல்லியான நீளக் கையோடு நிற்குமே, அதுதான். துணி மிஷினில் கீழே உள்ள பற்கள் துணியைத் தள்ளும். இதில் மேலே உள்ள கால்தான் தோலை நகர்த்தும். அதை எந்தப் பக்கமும் திருப்பலாம். ஷூவை மிஷினின் கையில் மாட்டிவிட்டு, அதைத் திருப்பாமலே சுற்றித் தைக்கலாம்.

ஆம்பூரில் பழைய இரும்புக் கடையில் நான் வாங்கியதன் வரிசை எண் 'இஜி' என்று ஆரம்பிக்கிறது. 1935 முதல் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலை 'இ'யில் தொடங்கும் இரட்டை எழுத்துகளைப் போட்டது. இஜி என்றால் 1950ஐ ஒட்டி. அந்த ஆலையே 1980இல் மூடிவிட்டது. பெயின்ட் அடிக்கும் முன் எண்ணைக் குறிச்சு வைங்க, ப்ளீஸ்.

அந்தக் காலத்தில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் முக்கியமாகப் பதனிட்ட தோலைத்தான் கப்பலேற்றின. தோலாக அனுப்பாமல் பொருளாக்கி அனுப்புங்கள் என்ற 1972 சீதாராமையா குழு அறிக்கைக்குப் பிறகுதான் ஷூ ஆலைகள் பெருகின. ஆக என் மிஷின் ஏற்றுமதிக்கு வந்ததல்ல, ஊர்க்காரர் செருப்பைத் தைக்க வந்தது என்பது என் ஊகம்.

இப்போது வேலைக்கு வருவோம். பழைய 29கேயில் தையல் குட்டையாகிக்கொண்டே வரும். நீளத் திருகை எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. "ஆயுசு முடிஞ்சுது" என்று எடைக்குப் போடுவது இதனால்தான். பெரும்பாலும் காலை நகர்த்தும் நெம்புகோலின் நுனியும், அது உட்காரும் வளையமும் தேய்ந்திருக்கும், அவ்வளவே. நுனியில் வெல்டிங் வைத்து, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, ஆட்டம் போகும்வரை போட்டுப் பார்க்கணும். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.