மைதானத்தில் ஒரு சைக்கிள் தேர்வு
பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் தேர்வு வைக்கும் வழக்கம் பிரிட்டனில் 1947-இல் விபத்துத் தடுப்புச் சங்கத்தின் முயற்சியால் தொடங்கி, 1958-இல் அரசு ஆதரவோடு நாடெங்கும் பரவியது. மைதானத்துத் தடைகளுக்கு இடையே வளைந்து ஓட்டுவதும், திரும்புமுன் பின்னால் பார்த்துக் கை காட்டுவதும் அதன் பாடங்கள். ஆனால் ஆபத்து இருந்தது மைதானத்தில் அல்ல, தெருவில். கார்கள் பெருகிய தெருவை விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் திருத்த முயன்றதே அதன் குறை.

நெதர்லாந்தில் 1970-களில் குழந்தைகளின் சாலை மரணங்களைக் கண்டு கொதித்த பெற்றோர் கேட்டது பாதுகாப்பான சாலைகளை. அப்படியானால் பயிற்சி வீணா? இல்லை. சைக்கிளுக்கான தனிப்பாதைகள் பெருகிய பிறகும் அங்கே ஆரம்பப் பள்ளி மாணவர்கள் நிஜத் தெருக்களில் ஓட்டித் தேர்வு கொடுக்கிறார்கள். இங்கிலாந்தும் 2007-இல் தொடங்கிய ‘பைக்கபிலிட்டி’ திட்டத்தில் பயிற்சியைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. நல்ல சாலைக்குப் பயிற்சி துணைதான், ஒருபோதும் மாற்றாகாது.